தொப்பி விழாத வெள்ளிக்கிழமை

அக்கரைப்பற்றுத் தபால் கந்தோரில் தந்தி எழுதிக்கொள்ளும் வேலை எனக்கு. கல்முனையிலிருந்து தொலைபேசியில் சொல்வார்கள், நான் எழுதி உறையிலிட்டுப் பியோனிடம் கொடுப்பேன். சென்ற மாதம் ஒரு முற்பகலில் மறுமுனைக்காரர் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்த பெயரைப் பாதி எழுதும்போதே என் கை நின்றுவிட்டது. ஆதம்லெவ்வை மௌத்து, அஸருக்குப் பிறகு ஜனாஸா, உடனே வரவும். தந்தி எனக்கு வந்ததல்ல. இங்கே கடை வைத்திருக்கும் அவருடைய மச்சானுக்கு வந்தது. "எழுதிட்டீங்களா? திருப்பி வாசிங்க பாப்பம்" என்றார் மறுமுனைக்காரர். வாசித்தேன். என் குரலில் அந்த மரணச் செய்தியை முதலில் கேட்டவன் நானேதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பயம். அது ஏன் என்று தெரிந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயரைத்தான் நான் உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் மருதமுனையின் வாசிகசாலை நண்பர்கள் வந்து, "நீங்கதானே அவரோட நெருக்கம், அனுதாபக் கூட்டத்துல வாசிக்க ஒண்டு எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நெருக்கம்தான். எவ்வளவு நெருக்கம் என்பதை இன்று சொல்லப்போகிறேன். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் என் தங்கச்சி சுபைதாவும் உட்கார்ந்திருக்கிறாள். புள்ள, கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு எழும்பிப் போ.

ஊருக்கெல்லாம் அண்ணனாய் இருந்த ஆதம்லெவ்வைக் காக்காவின் தகரத்தை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். பார்க்காத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு பெரிய வட்டமான பிஸ்கட் தகரம். சுற்றிவர ஒடுக்கமான பிளவுகள் வெட்டியிருப்பார். உள்ளே பன்னிரண்டு படம் வரைந்த கடதாசிக் கீற்று ஒன்றை வளைத்து வைப்பார். நூல் சுற்றும் ராட்டையின் கயிற்றைத் தகரத்தின் அடிக்கட்டையில் மாட்டிச் சுற்றினால், பிளவு வழியாகப் பார்க்கிறவனுக்கு அந்தப் பன்னிரண்டு படமும் ஒரே படமாகி அசையும். உள்ளே ஒரு கொழுத்த மனிதர் நடப்பார், ஓடுவார், தும்முவார். அவர்தான் தொப்பிச் சாச்சா. கொழும்புக்குத் தான் நெய்த சாரம் விற்கப் போனபோது பழைய சாமான் கடை ஒன்றில் இப்படியொரு சுழலும் பெட்டியைக் கண்டாராம் காக்கா. விலை கேட்கவில்லை. அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு வந்து தானே செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்ததும் அவருடைய தறிக் கொட்டிலில் காட்சி. நாலு நாலு பேராய்ச் சுற்றி நிற்க, காக்கா ராட்டையைச் சுற்றிக்கொண்டே கதை சொல்லுவார். ஊர்நடப்புத்தான் கதை. யாருடைய ஆடு யாருடைய வளவுக்குள் புகுந்தது, எந்த மாப்பிள்ளை மாமியாரின் புட்டைக் குறை சொல்லி மாட்டிக்கொண்டார், எல்லாம் சாச்சாவின் தலையில் நடக்கும். கிழமைக்கு மூன்று கீற்றுத்தான். அதற்கு மேல் ராட்டையைக் கடன் கொடுக்க நூல் சுற்றும் பெண்கள் சம்மதிக்கமாட்டார்கள். மூன்றாவது கீற்றில் சாச்சாவின் தொப்பி விழும், அவர் குனிந்து எடுப்பார், திரும்பவும் விழும். தொப்பி விழுந்தால் எல்லாம் சிரிப்புக்குத்தான், பகிடி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். எல்லாருக்கும் அது தெரியும்.

என் பங்கு வேறு. வாசிகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் 'சந்திரத் தோணி' என்று ஒரு விஞ்ஞானத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். நம் கடற்கரையில் ஐந்து பேர் தள்ளும் தோணி, அலையில் ஏறி அப்படியே ஆகாயத்துக்குப் போய்விடும். பத்திரிகை ஒரே பிரதி. அதை வாசித்தவர்களை இரண்டு கை விரலில் அடக்கிவிடலாம், அதிலும் ஒரு கை என் சொந்தக்காரர். காக்கா மட்டும் ஒரு அத்தியாயமும் விடமாட்டார். "உங்கட கதைல ஆக்கள் ஏன் விழுறல்ல தம்பி? விழாத மனிசன ஆரு பாப்பான்?" என்று கேட்பார்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தகரத்தில் சாச்சாவின் ஆடு தொலைந்துபோனது. அடுத்த அத்தியாயத்தில் என் தோணிக்காரர்கள் சந்திரனில் ஆட்டுப் புழுக்கை கண்டார்கள். அடுத்த கிழமை சாச்சா ஏணி வைத்துச் சந்திரனுக்கு ஏறப் பார்த்து விழுந்தார். நான் விடுவேனா? சந்திரனில் ஒரு தொப்பி கிடந்ததாக எழுதினேன். ஆட்கள் வாசிகசாலைக்கு வந்து, "சந்திரனில தொப்பி கிடந்துதாமே, எந்தப் பக்கம்?" என்று தேடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கதையைத் தேடி ஆள் வருகிறது! ஆனாலும் ஊருக்கு ஒரு கணக்கு இருந்தது. பத்திரிகையில் வருவது புளுகு, தகரத்தில் வருவது நடந்தது. அதை நான் யோசிக்காமல் விட்டேன்.

மலைப்பக்கத்தில் ஆற்றை மறித்துப் புதிய அணை கட்டி முடிந்து இரண்டாவது மாரி அது. அதைப் போய்ப் பார்த்து வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பேசினார்கள். "அவ்வளவு தண்ணியையும் மண்ணப் போட்டு மறிச்சு வெச்சிருக்கானுகள். அல்லாட காவல்தான்" என்பது தேத்தண்ணிக் கடைப் பேச்சு. மழை எட்டு நாளாக விடவில்லை. சம்மாந்துறைப் பக்கம் வயலெல்லாம் ஒரே வெள்ளக்காடு. எனக்கு எழுத விஷயம் கிடைத்துவிட்டது. தோணிக்காரர்கள் மேலிருந்து குழல் வைத்துப் பார்க்கிறார்கள், அணையில் வெடிப்பு, தண்ணீர்ச் சுவர் ஒன்று கடற்கரையை நோக்கி வருகிறது. கொக்குகள் வயலை விட்டுவிட்டுக் கடற்கரைக்கு வந்து மேற்கையே பார்த்துக்கொண்டு நின்றன என்றும் எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை நானே நாலு தரம் வாசித்து மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை அந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். காக்கா குழித்தறியில் இறங்கி மிதித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, இந்தக் கிழமை என்ட தோணிய உங்கட தகரத்துக்குள்ள ஒருக்கா ஓட உடுங்களன்."

"மூணு கீத்தும் கீறி முடிச்சிட்டன் தம்பி."

"தண்ணி வாறது ஒண்டு. சாச்சா ஓடுறது ஒண்டு. மூணாவதுல என்ட தோணி சாச்சாவ ஏத்திட்டு மேல போகட்டும். எவ்வளவு வடிவா இருக்கும்!"

"அப்ப தொப்பி எங்க விழுற?"

"ஒரு கிழமை தொப்பி விழாட்டி வானமா இடிஞ்சு விழப்போகுது?"

தறியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "பயந்து இருக்கிற ஆக்களுக்குத் தொப்பி விழத்தான் வேணும் தம்பி. நாலு நாளா ஊரு சிரிக்கல்ல" என்றார். நான் விடவில்லை. கெஞ்சினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கடைசியில் சிரித்துவிட்டு, "சரி, உங்கட ஆசைக்கு ஒருக்கா" என்றார். இந்தப் பேச்சைக் கேட்டவர் வேறு எவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு இலேசான காய்ச்சல். ஜும்ஆ தொழுதுவிட்டு நேரே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். கொட்டிலில் நடந்ததைக் காக்கா பிறகு சொல்லித்தான் அறிந்தேன். முதல் நாலு பேர் பார்த்தார்கள், சிரிக்கவில்லை. அவர்கள் தோணியைப் பார்த்து அசந்து நிற்கிறார்கள் என்று காக்கா நினைத்தாராம். எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று என் வரிகளை அப்படியே, கொக்கு முதற்கொண்டு, சொல்லிச் சுற்றினாராம். வெளியே ஒருவர், "தொப்பி விழல்லயே" என்றார். "விழல்லயா? வடிவாப் பாத்தியா?" என்று கேட்டது இன்னொரு குரல். இரண்டாம் நாலு பேர் பார்த்துவிட்டு வந்தார்கள். தொப்பி விழாவிட்டால் அது பகிடியல்ல, நடந்தது. அதன் பிறகு கொட்டிலில் யாரும் இல்லை.

என்னை எழுப்பியது ஓடும் கால்களின் சத்தம். "அணை உடைஞ்சிட்டு! தண்ணி வருது! கெதியா எழும்புங்க!" யார் கத்தினார் என்று தெரியாது. நான் எழுதிய கதை இது என்று எனக்கு உறைக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. என் கதையைக் கேட்டு ஊரிலேயே முதலில் நடுங்கியவன் நானாக இருப்பேன். சுபைதா அப்போது நிறைமாதம். அவளுடைய மாப்பிள்ளை பொத்துவிலில் நின்றார். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். "மெல்ல காக்கா, மெல்ல, வயிறு கொளுவிப் புடிக்குது" என்று என்னிடம் அழுதுகொண்டே வந்தாள். நான் மெல்லப் போகவில்லை.

கடற்கரையில் ஊரே நின்றது. மேற்கே தண்ணீர், கிழக்கே மாரிக் கடல், இடையில் நாங்கள். அந்த மாதத்தில் எவரும் தோணி தள்ளமாட்டார்கள். ஆனால் அன்று தள்ளினார்கள். தண்ணீர்ச் சுவர் வரும்போது தரையில் நிற்பவன் போவான், தோணியில் இருப்பவன் தப்புவான் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். யார் சொல்லிக்கொடுத்தது? என் தோணிதான் சொல்லிக்கொடுத்தது. பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிய முதல் தோணியில் சுபைதாவை நானே தூக்கி வைத்தேன். துடுப்புப் பிடிக்க இரண்டு மீனவர். தோள் கொடுத்துத் தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

தோணி முதல் அலையைத் தாண்டியது. பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "கொக்கெல்லாம் கடக்கரைக்கு வந்து மேக்கையே பாத்துட்டு நிக்காம். கண்டாக்கள் இரிக்காம்."

கரையைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கொக்கு இல்லை. அந்த வரி எனக்குத் தெரிந்த வரி. யா அல்லாஹ், நான் மெச்சிக்கொண்ட வரி.

அந்த நேரத்துப் பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வருகிறது என்று நினைத்தபோது கால் ஓடியது. தண்ணீர் வராது என்று தெரிந்தபோது கால் மண்ணில் புதைந்தது. "பொய்! நான் எழுதினது!" என்று கத்த வேண்டும். கத்தவில்லை. இரண்டு பேர் கேட்டிருந்தால் போதும், மற்றவர்கள் என்னை அந்த இடத்திலேயே கடலில் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். என் தங்கச்சி தோணியில் போய்க்கொண்டிருக்கிறாள், நான் என் தோலை நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் காக்கா ஓடிவந்தார். "அது பகிடி! பகிடி! அணைக்கு ஒண்டுமில்ல!" என்று ஒவ்வொருவர் தோளாகப் பிடித்து உலுக்கினார். யாரும் நம்பவில்லை. "தொப்பி விழல்லயே!" என்று அவர் முகத்துக்கே கத்தினார்கள். தோணியில் இருந்தவர்களுக்குக் காற்றில் ஒன்றும் கேட்காது. ஒரு கணம் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, தோணிக்கு நேரே திரும்பி, சாச்சாவின் நடையை நடந்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, காலை அகட்டி, தகரத்துக்குள் இருப்பது போலவே விட்டுவிட்டு அசைந்தார். தலையை ஆட்டித் தொப்பியைத் தண்ணீரில் விழுத்தினார். குனிந்து எடுத்தார், போட்டார், விழுத்தினார். அலை அவரைப் புரட்டியது. எழும்பி இருமிக்கொண்டே மறுபடி விழுத்தினார். அழுதுகொண்டே அப்படிச் செய்தார். நான் பார்த்தேன்.

தோணியில் இருந்து முதலில் கண்டவள் சுபைதா. "தொப்பி விழுந்திட்டு! திருப்புங்க! தொப்பி விழுந்திட்டு!" என்று அவள் கத்தியதாகத் துடுப்புப் பிடித்தவர்கள் சொன்னார்கள். திருப்பினார்கள். அந்தக் கடலில் கரை சேர்வது போவதைவிடக் கஷ்டம். தோணி குறுக்கே திரும்பிக் கவிழப் பார்த்தது. காக்கா முன்னே போய்த் தோணியின் மூக்கான அணியத்தைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த அலை தோணியைத் தூக்கி, அவருடைய வலது காலின் மேல் இறக்கியது. தோணியில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஐந்தாம் நாள் சுபைதாவுக்குப் பிள்ளை கிடைத்தது.

காக்காவின் கால் பிறகு நேராகவில்லை. குழித்தறியை மிதிக்க இரண்டு காலும் வேண்டும். நல்ல சாரம் நெய்த மனிதர், அதன் பிறகு ராட்டையில் நூல் சுற்றினார். "பொண்டுகள்ர வேலைக்கு வந்திட்டீங்களா காக்கா?" என்று கேட்பவர்களிடம், "ஓம், இஞ்சதான் கதை நல்லா நடக்குது" என்று சிரிப்பார்.

பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மார் விசாரித்த அன்று நானும் அங்கே இருந்தேன். காலைப் பலகையில் கட்டி, இரண்டு பேர் தூக்கிவந்து அவரை உட்கார வைத்தார்கள். ஒரே கேள்விதான். "ஏன் தொப்பி விழல்ல?"

காக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"மறந்திட்டன்" என்றார்.

இனித் தகரம் சுற்றக்கூடாது என்று தீர்ப்பு. தலையசைத்தார். நான் ஸலாம் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். அடுத்த அத்தியாயத்தை எழுதவில்லை. எழுத நேரமில்லை என்று நண்பர்களிடம் சொன்னேன்.

அதன் பிறகும் நான் அவரிடம் போய்க்கொண்டுதான் இருந்தேன். போகாமல் இருந்தால் யாராவது சந்தேகப்படுவார்களோ என்ற பயத்தில் முதலில் போனேன். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. ருஷ்யாக்காரன் சின்னச் சந்திரன் ஒன்றை மேலே அனுப்பிவிட்டான் என்று பத்திரிகையில் வந்த அன்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, நம்மட தோணி முதல்ல போயிட்டு! அவன்ட பிறகுதானே" என்றார். பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு இருவரும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. அப்போது கேட்டேன்.

"ஏன் காக்கா என்னக் காட்டிக்குடுக்கல்ல?"

"நீங்க எழுதுற ஆள். ஊரு நம்பாட்டி எழுதேலா. என்ன நம்பாட்டி என்ன, நூல் சுத்தலாம்."

"நான் சொல்லட்டா?"

"சொல்லுங்க. பயம் போனதுக்குப் பிறகு சொல்லுங்க. பயந்து பயந்து சொன்னா, அதுக்கும் தொப்பி விழாது."

நான் காத்திருந்தேன். பயம் போகவில்லை. காக்கா போய்விட்டார்.

ஜனாஸா அன்று அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது சுபைதா கதவடியில் நின்றாள். இத்தனை வருஷமும் அவள் காக்காவோடு ஒரு சொல் கதைத்ததில்லை. நிறைமாதக்காரி என்றும் பாராமல் பகிடிக்குக் கடலில் விட்ட மனிதர் என்பது அவள் நினைப்பு. அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அவர மன்னிச்சிட்டன் காக்கா. அல்லாவும் மன்னிக்கட்டும்" என்றாள். அதற்கும் நான் "ஓம்" என்றேன். மரைக்கார்மார் முன்னால் வாயை மூடிக்கொண்டு இருந்ததைவிடக் கேவலமான காரியம் அது.

சென்ற கிழமை காக்காவின் மனைவி, மச்சியைப் பார்க்கப் போனேன். அவர் கணவருக்குத் துக்கம் காக்கும் இத்தாவில் இருப்பதால் திரைக்குப் பின்னாலிருந்தே கதைத்தார். "இத உங்களுக்கெண்டு வெச்சிருந்தாரு" என்று தகரத்தைத் திரைக்கடியால் தள்ளினார். உள்ளே ஒரேயொரு கீற்று இருந்தது. தொப்பி விழும் கீற்று. அந்தப் புதன்கிழமை நான் போவதற்கு முன்பே கீறி முடித்து, என் ஆசைக்காக எடுத்து வைத்த மூன்றாவது கீற்று. சாச்சா குடையோடு மழையில் நிற்கிறார், தொப்பிக்குள் தண்ணீர் நிறைந்து அது கவிழ்கிறது. மை மங்கவில்லை. ஒரு தரமும் சுழலாத கீற்று.

அவருடைய சாமான்களில் என்னிடம் இருப்பது இதுதான். இதோ, மேசையில் வைத்திருக்கிறேன். ராட்டை ஒன்றும் கடன் வாங்கி வந்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் நானே சுற்றுவேன், நாலு நாலு பேராய் வந்து பாருங்கள். நான் சுற்றுவது பிசகிச் சாச்சா தடுமாறினால் பிழை என்னுடையது. காக்கா கீறியதில் பிழை இல்லை. அவர் ஒன்றையும் மறக்கவில்லை.

சுபைதா, நீ மன்னித்தது ஆள் மாறி மன்னித்தது. அன்று உன்னைத் தோணியில் தூக்கி வைத்த கைதான் அந்தக் கதையையும் எழுதியது. அவருக்குக் கொடுத்ததை நீ திருப்பி எடுத்துக்கொள், அவருக்கு அது தேவையில்லை. எனக்குத் தருவதும் தராததும் உன் இஷ்டம். முதல் நாலு பேரில் நீ வந்து நில், புள்ள. தொப்பி விழுகிறதா என்று பார்த்துச் சொல்.